பூசைத் தட்டும் வெளியே நிறுத்தப்பட்ட கைகளும்



அயோத்திதாசப் பண்டிதர் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் அன்றாடப் பூசையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். நிலம் இருக்கிறது, கல்வி இருக்கிறது, வன்கொடுமை வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன, இப்போது போய் மணியும் சூடமும் எதற்கு என்றார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பண்டிதரே விளக்கெண்ணெயைப் பற்றி எழுதியவர். 1907இல் தொடங்கி 1914இல் அவர் மறையும் வரை நடந்த 'தமிழன்' இதழில் அவர் தீபாவளியை எள்ளிலிருந்து நெய் எடுத்த கண்டுபிடிப்போடும், கார்த்திகைத் தீபத்தை ஆமணக்கெண்ணெயோடும் சேர்த்துப் படித்தார். இரண்டையும் பௌத்தர்களின் அறிவு உலகத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். அவருடைய முடிவுகளை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா என்பது தனி விவாதம். நம்மைப் பொறுத்தவரை அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். எல்லோரும் விளக்கைப் பார்த்து ஒளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு சித்த மருத்துவர் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு முன்கதை ஒன்று உண்டு. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் பண்டிதர், சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் பறையர்களை ஏன் அனுமதிக்கக் கூடாது என்று கேட்டார். அவையில் எதிர்ப்பு எழுந்தது. உங்கள் குலத்துக்கு மதுரைவீரன், காட்டேரி, கறுப்பண்ணன் போன்ற தெய்வங்கள் இருக்கின்றன, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரியவர்கள் அல்லர் என்று ஒருவர் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் எங்களுக்கு நிலமும் கொடுங்கள் என்று பண்டிதர் திருப்பிச் சொன்னதை அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1898இல் பௌத்தத்துக்குப் போனார். போன பிறகும் விளக்கை அவர் விடவில்லை. சாமியை விட்டவர் விளக்கை ஏன் விடவில்லை என்பதுதான் நமக்கு இன்றைய பேச்சுக்கான வாசல்.

பூசைப் பொருள்களுக்கு அர்த்தம் சொல்வது இன்று ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. நாளிதழ்களின் ஆன்மிக இணைப்பில் தொடங்கி கைப்பேசிக் காணொளி வரை அதே விளக்கங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மணி ஓம்கார நாதம். விளக்கு ஞானம். தேங்காய் உடைப்பது ஆணவம் உடைவது. சூடம் எரிந்து மிச்சமில்லாமல் போவது 'நான்' என்பது கரைவது. திருநீறு, கடைசியில் எல்லாம் சாம்பல் என்று நினைவூட்டுவது. கொஞ்ச நாளாக இவற்றோடு 'அறிவியல்' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. மணியோசை மூளையைச் செம்மைப்படுத்துகிறது, சூடத்தின் புகை கிருமிகளைக் கொல்கிறது என்கிறார்கள். கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகளும் இதை நம்புகிறார்கள். அவர்களைக் கேலி செய்ய நாம் இங்கே வரவில்லை. ஆனால் இந்த விளக்கங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணத்தைக் கவனிக்கச் சொல்கிறோம். பொருளை யார் செய்தது, எவர் கையிலிருந்து எவர் கைக்கு அது போனது என்ற பேச்சை இவற்றில் ஒன்றுகூட எடுப்பதில்லை.

அந்தப் பேச்சை எடுத்த பழைய நூல் ஒன்று இருக்கிறது. அது நம் தரப்பு நூல் அல்ல. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம். ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த நந்தனார், சிவன் கோயில்களுக்கு என்னென்ன கொடுத்தார் என்று அதில் ஒரு பட்டியலே வருகிறது. பேரிகை முதலான முழவுகளுக்குப் போர்வைத் தோல், இழுத்துக் கட்ட வார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. கோரோசனை என்பது மாட்டின் பித்தப்பையில் கிடைக்கிற பொருள். செத்த மாட்டை அறுத்தால்தான் அது கையில் வரும். அந்தக் கோரோசனை கருவறைக்குள் போகும், தோல் மேளமாகி மண்டபத்துக்குள் போகும், நரம்பு யாழில் ஏறி இசையாகி உள்ளே போகும். மாட்டை அறுத்த நந்தன் வாசலில் நிற்பான். சேக்கிழார் இதை நந்தனின் பக்திக்குச் சான்றாக எழுதினார். நாம் இதை ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்காகப் படிக்கிறோம். தோலும் நரம்பும் எந்தத் தீயிலும் இறங்காமலே உள்ளே போயின. ஆள் மட்டும் தில்லையில் தீயில் இறங்க வேண்டியிருந்தது. பண்டிதர் நந்தனை இந்தக் கதையிலிருந்து மீட்டு, சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட பௌத்த அரசனாக எழுதினார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அரசனோ பண்ணையாளோ, அந்தப் பட்டியல் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு பொருள் புனிதமாவதற்கு முதல் நிபந்தனை, அதைச் செய்த கை மறைய வேண்டும். நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான். சமூகவியல் வகுப்பில் லூயி துய்மோனைப் படிக்கும்போது, தூய்மை, தீட்டு என்ற எதிரிணைதான் சாதியின் அடிப்படை என்று எழுதிக்கொள்வோம். தேர்வுக்கு அது உதவும். ஆனால் தூய்மை என்பது மனத்துக்குள் இருக்கிற கருத்து என்று நினைத்துவிட்டால் செக்கும் தொழுவமும் பார்வையிலிருந்து விலகிவிடுகின்றன. பொருளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் வேறொன்று தெரிகிறது.

விளக்கையே எடுத்துக்கொள்வோம். 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் அணையா விளக்குகளுக்கான ஏற்பாடு விரிவாக இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அந்த ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் நாள்தோறும் விளக்கு ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படி விடப்பட்ட ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் சூட்டும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடுகள். அப்படி ஆடு எந்த ஊரிலும் இல்லை. ஆடு நோயில் செத்தாலும் நரி தூக்கிப்போனாலும் கணக்கில் 96 குறையாது, நெய்யும் குறையாது. குட்டியைக் கொண்டு அந்த இடத்தை நிரப்ப வேண்டிய பொறுப்பு இடையனுடையது. விளக்கு அணையாமல் இருந்தது என்றால் இடையன் வீட்டில் அந்தப் பொறுப்பும் தலைமுறை தலைமுறையாக அணையாமல் இருந்தது. கொடை கொடுத்தவர் பெயர் பெருமையோடு கல்லில் நிற்கிறது. இடையர்களின் பெயர்களும் கல்லில் உண்டு, நெய் அளக்கக் கடமைப்பட்டவர்களாக.

அதே கோயிலின் கல்வெட்டுகளில்தான் வரி நீங்கிய நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம், குளம், கம்மாணச்சேரி, சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. தீண்டாமை ஆங்கிலேயன் கட்டிவிட்ட கதை என்று பேசுகிறவர்களுக்கு நாம் நூல் எதையும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. தஞ்சாவூருக்குப் பேருந்து ஏறச் சொன்னால் போதும்.

சங்கின் கதை இதைவிட வேடிக்கை. மன்னார் வளைகுடாவின் அடியில் மூச்சடக்கி முங்கி எடுப்பது அது. முங்கியவர்கள் பரதவர்கள். 1530களில் அவர்கள் கத்தோலிக்கர் ஆனார்கள். கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும் முங்கினார்கள். கிறித்தவர் கையிலும் முஸ்லிம் கையிலும் கரையேறிய சங்கு, சதையை அழுகவைத்துக் கழுவிய பிறகு, திருமஞ்சனத்துக்கும் அர்த்தசாம ஊதலுக்கும் போனது. செத்த உயிரின் எலும்புக்கூடு தீட்டு என்று எந்த ஆகமமும் அதைத் தள்ளவில்லை. கூட்டுப்புழுவை வேகவைத்து எடுக்கிற பட்டும் அப்படித்தான். தேனீயின் வாயிலிருந்து வருகிற தேனும் அப்படித்தான். நீலகிரியில் பாறை இடுக்கில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுப்பவர்கள் இருளரும் குறும்பரும். சூடம் ஒரு காலத்தில் சுமத்திராவின் பாரூசிலிருந்து கப்பலில் வந்தது. 1088இல் தமிழ் வணிகக் குழு அங்கே நட்ட தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது. இன்று கடையில் பத்து ரூபாய்க்கு வாங்குகிற சூடத்தில் பெரும்பகுதி பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து ஆலையில் தயாராவது. ஆணவம் கரைவதற்கு டர்பன்டைன் போதுமா என்று கேட்டால் கோபம் வருகிறது.

இப்போது சாணத்துக்கு வருவோம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

திருநீற்றின் மூலம் பசுஞ்சாணம். உயர்ந்த வகைத் திருநீற்றுக்கு, கன்றோடு கூடிய நோயற்ற பசுவின் சாணத்தை மண்ணில் விழுமுன் தாமரை இலையில் ஏந்த வேண்டும் என்று சைவ நூல்கள் சொல்கின்றன. யார் ஏந்துவது? தஞ்சை வட்டாரத்தில் மிராசுதாரின் மாட்டுக் கொட்டிலைக் கூட்டி அள்ளியவர்கள் பண்ணையாள் வீட்டுப் பெண்கள். மாடு மேய்த்தவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். விடிவதற்கு முன் கொட்டிலுக்குப் போய்ச் சாணி வாரி, எரு தட்டிக் காயவைத்த கைகளில்தான் அது தொடங்குகிறது. எரிந்து வெண்ணீறாகிச் சம்புடத்துக்குள் போன பிறகு, அதே பெண் கோயில் வாசலுக்கு வந்தால் அவள் கையில் படாமல் மேலேயிருந்து போடப்பட்டது. பல ஊர்களில் அதுகூட இல்லை.

இதே சாணம் பால், தயிர், நெய், கோமியத்தோடு சேர்ந்தால் பஞ்சகவ்யம். அபிஷேகத்துக்கும் ஆகும், தீட்டுக் கழிக்கவும் ஆகும். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தோழர்களும் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். ஆதிக்கச் சாதியினர் முதலில் தடியால் பதில் சொன்னார்கள். அடுத்துப் பூசையால் சொன்னார்கள். 108 குடங்களில் குளத்துத் தண்ணீரை மொண்டு, சாணம், கோமியம், பால், தயிர் கலந்து, மந்திரம் ஓதி மறுபடி குளத்தில் ஊற்றினார்கள். குளம் சுத்தமாகிவிட்டது என்று அறிவித்தார்கள். அந்தக் குளத்தில் மாடு இறங்கிக் குடிப்பதில் அவர்களுக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. மாட்டின் கழிவு, மனிதன் உதடு பட்ட தண்ணீரைச் சுத்தம் செய்தது. அன்றாடப் பூசையில் ஒரு தேக்கரண்டி அளவுக்குப் பக்தியோடு வாங்கிக் குடிக்கிற பொருள் அன்றைக்கு என்னவாக இருந்தது என்று நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம்.

மகாத்தில் குளத்துக்குள் ஊற்றப்பட்டது கீழத்தஞ்சையில் வாய்க்குள் ஊற்றப்பட்டது. சாணிப்பால் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலைக்குத் தாமதமாக வந்த பண்ணையாளை, எதிர்த்துப் பேசியவனை, மிராசுதாரின் ஆட்கள் மரத்தில் கட்டிச் சவுக்கால் அடிப்பார்கள். சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைப்பார்கள். நாள்தோறும் நெற்றியில் நீறு பூசிக்கொண்ட மிராசுதார்களின் களத்திலும் இது நடந்தது. பி. சீனிவாசராவ் தலைமையில் பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ் திரண்ட பிறகு, 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுத்தில் வந்தது. எழுத்தில் வந்த அன்றே நின்றுவிடவில்லை. சங்கம் வலுவாக இருந்த ஊரில் நின்றது.

ஒரே சாணம். நெற்றியில் திருநீறு, குளத்தில் சுத்திகரிப்பு, பண்ணையாள் வாயில் தண்டனை. அர்த்தம் சாணத்துக்குள் இருந்தால் மூன்று இடத்திலும் அது ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், மறுக்கிற உரிமை யாருக்கு இருக்கிறது என்பதில்தான் அர்த்தம் உருவாகிறது. பூசைப் பொருள்களின் 'தத்துவம்' பேசுகிற எந்தப் புத்தகத்திலும் சாணிப்பால் என்ற சொல் வராது.

சுத்திகரிப்புக்கு ஒரு விலையும் உண்டு. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தபோது, இராமநாதபுரம் சேதுபதி வழக்குப் போட்டார். நுழையக் கூடாது என்ற தடையோடு கோயிலைச் சுத்திகரிக்கிற செலவையும் கேட்டார். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கு 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட தோழர்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு நுழைந்தார். போனவர்களில் கக்கனும் ஒருவர். நாட்டு வரலாற்றில் இது பெரிய நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் பாடப்புத்தகம் நுழைந்ததோடு முடித்துவிடுகிறது. கோயிலைச் சுத்திகரிக்காமல் பூசை செய்யமாட்டோம் என்று பட்டர்கள் மறுத்துக் கிளம்பியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பூசை நடக்க வேண்டும் என்பது அவர்களுக்கு முதன்மையாக இருந்திருந்தால் மணி அடித்திருப்பார்கள். மீனாட்சி பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தது பக்தி இல்லை.

மேளத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பறை என்ற ஒரு பொருளுக்குள் நம் இயக்கத்தின் இரண்டு தலைமுறை விவாதம் அடங்கியிருக்கிறது. காட்டுமன்னார்கோயில் தந்த தலைவர் எல். இளையபெருமாள், சாவுக்கும் சாமிக்கும் ஊர்க் கட்டளைப்படி பறையடிப்பதை நிறுத்தச் சொல்லிச் சேரி சேரியாகப் போனார். பறையைப் போட்டு உடைத்தவர்களும் உண்டு. 1990களில் தலித் கலை விழாக்கள் தொடங்கியபோது அதே பறை மேடைக்கு வந்தது. பெண்கள் அடித்தார்கள், படித்த பிள்ளைகள் அடித்தார்கள். ஒன்று சரி, மற்றது தவறு என்று தீர்ப்பளிக்க நமக்கு மனமில்லை. ஊர்க்காரன் கட்டளையிட்டு அடித்த பறையும் நாமே முடிவெடுத்து அடிக்கிற பறையும் ஒரே தோல்தான், ஒரே பொருள் இல்லை. சாணத்தைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

மிருதங்கத்துக்கு மாட்டுத் தோல் பதப்படுத்திக் கட்டுகிற தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகம் 2020இல் வந்தபோது, அதன் வெளியீட்டுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியை விலக்கிக்கொண்டது. மேளத்தின் தோல் உள்ளே இருக்கலாம். தோலைப் பற்றிய பேச்சு இருக்கக் கூடாது. இப்போது பல கோயில்களில் தீபாராதனைக்கு மின்சாரப் பெட்டி ஒன்று வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் முரசும் மணியும் சேகண்டியும் தானாக அடிக்கின்றன. தோலும் வேண்டாம், அடிக்க ஆளும் வேண்டாம், ஆள் எங்கே நிற்பது என்ற தகராறும் வேண்டாம். அதற்கு எந்த ஆகமத்தில் இடம் இருக்கிறது என்று இதுவரை யாரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

நம் தெய்வங்களின் முன்னால் வைக்கப்படும் பொருள்கள் வேறு. கறிச்சோறு, சாராயம், சுருட்டு, கருவாடு. அந்தப் படையலில் செய்த கையும் வைத்த கையும் ஒன்றே, சாப்பிடுகிற வாயும் நம்முடையதே. அங்கேயும் சாதி இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். ஊர் மாரியம்மனுக்கு எருமையை வெட்ட நம்மை அழைத்து, தலையைச் சுமக்கவைத்து, அருளைத் தங்களுக்கு வைத்துக்கொண்ட ஊர்கள் நிறைய. ஆனால் 2003இல் அரசு, 1950ஆம் ஆண்டின் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்துக் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடைசெய்தபோது குறி வைக்கப்பட்டது எந்தச் சாமிகளின் தட்டு என்று எல்லோருக்கும் புரிந்தது. எதிர்ப்பு கிளம்பி, 2004இல் அந்தச் சட்டமே விலக்கப்பட்டது. இன்னொரு பக்கம், 1982 மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் திருவிளக்குப் பூசைகள் ஊர் ஊராகப் பெருகின. 108, 1008 என்று எண் போட்டு, பெண்களை வரிசையாக உட்காரவைத்தார்கள். சேரிப் பெண்களையும் அழைத்து உட்காரவைத்தார்கள். விளக்கு பக்கத்து விளக்கோடு சரிசமமாக எரிந்தது. பூசை முடிந்து எழுந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடிக்க முடிந்ததா என்பதை அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். நாம் கேட்ட இடங்களில் சிரிப்புதான் பதிலாக வந்தது.

நம் வீடுகளையும் விட்டுவிடக் கூடாது. அண்ணலின் படத்துக்கு மாலை போட்டுச் சூடம் ஏற்றுகிற வீடுகள் நம் தெருவில் இருக்கின்றன. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இருபத்திரண்டு உறுதிமொழிகளை ஏற்கச் செய்தவருக்குச் சூடமா என்று இளைஞர்கள் சண்டைக்குப் போகிறார்கள். மெழுகுவத்தி ஏற்றச் சொல்கிறார்கள். எங்கள் அம்மாக்களுக்குத் தெரிந்த மரியாதை அந்தச் சூடம்தான். வாழ்நாள் முழுக்க எந்தக் கோயிலிலும் தன் கையால் தீபம் காட்ட விடப்படாதவள், தீட்டு என்று மாதத்தில் மூன்று நாள் விளக்கையே தொட விடப்படாதவள், தன் வீட்டில் தன் தலைவருக்குத் தன் கையால் காட்டுகிறாள். அவளிடம் சூடத்தைப் பிடுங்குவதற்கு முன், அது யார் கை என்று பார்க்கச் சொல்வோம்.

கை என்று சொல்லும்போது அர்ச்சகர் பிரச்சினைக்கு வந்துதான் ஆக வேண்டும். பறையை நிறுத்தச் சொன்ன அதே இளையபெருமாள்தான் தீண்டாமை குறித்து ஆராய ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1969இல் வந்த அந்த அறிக்கை, பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சொன்னது. 1970 ஜனவரியில் கருவறை நுழைவுப் போராட்டத்தைப் பெரியார் அறிவிக்க, அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் நோக்க உரையிலேயே இளையபெருமாள் குழு குறிப்பிடப்படுகிறது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் என்ற கோரிக்கையின் வரலாற்றைச் சொல்லும்போது இந்தப் பெயர் விடுபடுவதை நாம் இனியும் அனுமதிக்கக் கூடாது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும் என்றது. ஆனால் ஆகமம் சொல்கிற பிரிவைச் சேராதவர் தொட்டால் சிலை தீட்டாகும் என்ற நம்பிக்கைக்கும் அதே தீர்ப்பில் இடம் கொடுத்தது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.

2006இல் மறுபடி அரசாணை வந்தது. மதுரை, பழனி, திருவண்ணாமலை, திருச்செந்தூர் உள்ளிட்ட ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளிகள் திறந்தன. இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மந்திரமும் முத்திரையும் அலங்காரமும் கற்றுத் தீட்சை பெற்று வெளியே வந்தார்கள். வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்தார்கள். 2015 டிசம்பர் தீர்ப்பும் கதவை முழுதாகத் திறக்கவில்லை. 2021 ஆகஸ்டில் அந்தப் பயிற்சி பெற்றவர்களில் 24 பேருக்கு முதலமைச்சர் பணி ஆணை வழங்கினார். அறநிலையத் துறையின் கீழ் 44,000க்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. மறு ஆண்டே சென்னை உயர் நீதிமன்றம் ஆகமக் கோயில்களுக்கு அந்த விதி பொருந்தாது என்று விலக்கு அளித்தது. கேரளத்தில் 2017இல் திருவிதாங்கூர் தேவசம் போர்டு பார்ப்பனரல்லாதார் 36 பேரைத் தேர்வு செய்தபோது அவர்களில் தலித்துகள் 6 பேர். வானம் இடிந்து விழவில்லை.

சாமியே வேண்டாம் என்கிற நமக்கு அர்ச்சகர் வேலை எதற்கு என்று தோழர்கள் கேட்கிறார்கள். நம்பிக்கை உள்ளவனுக்காக நாம் இதைக் கேட்கவில்லை. நம்முடைய கை பட்ட நெய்யும் தோலும் சங்கும் சாணமும் உள்ளே போகலாம், கை மட்டும் போகக் கூடாது என்கிற விதி இந்த நாட்டில் சட்டத்தின் துணையோடு மிஞ்சியிருக்கிற இடம் கருவறை. அந்த விதி அங்கே இருக்கும்வரை தெருவிலும் தேநீர்க் கடையிலும் அதற்கு வேர் இருக்கும். பண்டிதர் 1892இல் கோயிலையும் கேட்டார், கிடையாது என்றபோது நிலத்தையும் பள்ளியையும் கேட்டார். முதல் கேள்வியைக் கேட்டதால்தான் இரண்டாவதை அத்தனை பேர் முன்னால் கேட்க முடிந்தது.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம் பிள்ளைகள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் தோற்று, ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். வழக்கு நடந்தது. 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவுப்படி கதவு திறந்தது, அன்றாடப் பூசைக்கு மட்டும். பூசாரி ஒருவர் போலீஸ் காவலோடு உள்ளே போய் விளக்கேற்றித் தீபம் காட்டிவிட்டு வெளியே வருவார், கதவு பூட்டப்படும். ஊரும் உள்ளே போகக் கூடாது, சேரியும் போகக் கூடாது. மக்கள் உள்ளே போக 2025 ஏப்ரல் வரை ஆனது, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அந்த ஓராண்டில் சாமிக்குப் பூசை ஒரு நாளும் தவறக் கூடாது என்று எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டது.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊர்க் கோயிலில் ஒரு நாள் பூசைக்கு உள்ளே போகிற பொருள்களை வரிசையாக எழுதுங்கள். எண்ணெய், திரி, பூ, தேங்காய், மஞ்சள், பத்தி, திருநீறு, மேளம், வெண்கலம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த ஊரில், எந்தச் சாதியார் கையில், என்ன கூலிக்குத் தயாராகிறது என்று கேட்டு எழுதுங்கள். நிலக்கோட்டையில் விடியற்காலை மூன்று மணிக்குத் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு மல்லிகை பறிக்கிற பெண்ணிடம் கிலோவுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஈரோட்டில் மஞ்சள் வேகவைக்கிறவரிடம் கேளுங்கள். கடைசிப் பத்தியில், அவர்களில் யார் யார் அந்தக் கோயிலில் எந்தப் படி வரைக்கும் போகலாம் என்றும் எழுதுங்கள். எழுதியதை எங்களுக்கு அனுப்பினால் அடுத்த ஆண்டு நினைவு நாளில் இதே அரங்கில் நீங்களே வாசிக்கலாம்.